வாலிபர் தொழில் பழகும் இடம்
(வாலிபர் சபைக் கூட்டங்களுக்கான பாடம்)



கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் விடுமுறையில் 'இன்டர்ன்ஷிப்' என்னும் பயிற்சிப் பணி செய்து, சான்றிதழ் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. "எங்கே போவது, சுவாமி?" என்று கேட்கிறார்கள். 2024 அக்டோபரில் மத்திய அரசு பெரிய கம்பெனிகளில் இத்தகைய பயிற்சிக்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. பெரிய கம்பெனிகள் நம் மாவட்டத்தில் அதிகமில்லை. ஆனால் மீனவர் சங்கங்கள், மகளிர் சுயஉதவிக் குழுக்கள், சமூக சேவைச் சங்கங்கள் ஆகியவற்றுக்கு நம்மிடம் குறைவில்லை. இவற்றில் தொழில் பழகலாமா? பழகலாம் என்றால் எங்ஙனம்?

1925-ல் பெல்ஜியம் நாட்டில் தொழிலாள வாலிபர் இயக்கத்தை நிறுவிய கார்டைன் என்னும் குரு, எந்தக் காரியத்தையும் மூன்று படியாக ஆராயக் கற்பித்தார்: காண்பது, தீர்ப்பிடுவது, செய்வது. 1961-ல் பாப்பரசர் 23-ம் அருளப்பரும் தம் நிருபத்தில் இம்முறையைப் பாராட்டினார். நாமும் அவ்வழியே செல்வோம்.

1. காண்போம்

கோட்டாறு சமூக சேவைச் சங்கம் 1963-ல் தொடங்கிற்று. அக்காலத்தில் நம் கடற்கரையில் மீன்பிடிக்கிறவர்களில் பலர், கடன் கொடுத்த வியாபாரிக்கே, அவன் சொன்ன விலைக்கே மீனை விற்க வேண்டியிருந்தது. இக்கட்டிலிருந்து மீள எழுந்தவையே மீனவர் சங்கங்கள். இப்படிப்பட்ட சங்கங்கள் ஒன்றுசேர்ந்து, 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. சங்கத்தின் மூலமாகக் கரையில் மீன் ஏலம் போகிறது. கிடைத்த பணத்தில் கடனுக்கு ஒரு பங்கு, சேமிப்புக்கு ஒரு பங்கு, சங்கச் செலவுக்கு ஒரு பங்கு பிடித்துக்கொண்டு, மீதியை உறுப்பினர்க்குக் கொடுக்கிறார்கள். இதைப் பிழையின்றி எழுத ஊரிலேயே கணக்குத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும்.

முட்டத்தில் நடந்ததும் அறியத்தக்கது. கட்டுமரத்துக்கேற்ற மரம் அரிதாகி, விலையும் ஏறியபோது, பெல்ஜியம் நாட்டுப் பொறியாளர் பியர் கில்லே என்பவரின் முயற்சியால் அங்கே ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டலாயின. பலகையை அளவுப்படி வெட்டி, விளிம்புகளைச் செப்புக் கம்பியால் தைத்து, அந்தத் தையலைக் கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு மூடுவார்கள். உள்ளூர் வாலிபர் வேலை செய்துகொண்டே இத்தொழிலைப் பழகினார்கள்.

2. தீர்ப்பிடுவோம்

இவ்விரண்டு இடத்திலும் கற்பித்தது எது? பொறுப்பே. தையல் சரியில்லாவிட்டால் படகுக்குள் தண்ணீர் வரும். அதில் போகிறவன் அடுத்த வீட்டுக்காரன். கணக்கில் பத்து ரூபாய் தவறினால், மறுநாள் காலையில் உறுப்பினர் புத்தகத்தோடு வந்து நிற்பார்; அவருக்கு முகம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பரீட்சையில் தவறினால் மார்க்குதான் குறையும். இங்கே தவறினால் ஒரு குடும்பத்தின் சோறு குறையும். இதை உணர்ந்தவனே தொழில் கற்றவன்.

ஆகையால் இரண்டு பிழைகளைக் கண்டிக்க வேண்டும். முதலாவது, வேலை செய்யாமலே சான்றிதழ் கேட்பது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அதில் பொய்யும் கலந்திருந்தால் அது பாவமுமாகும். இரண்டாவது, பயிற்சி என்று பெயர் சொல்லி மாதக்கணக்கில் கூலியில்லா வேலை வாங்குவதும், தேநீர் வாங்கிவரச் சொல்வதைத் தவிர வேறொன்றும் கற்றுக்கொடாததும். வேலையாளின் நியாயமான கூலியைப்பற்றி 1891-லேயே 13-ம் சிங்கராயர் தம் நிருபத்தில் வலியுறுத்தினார். நம் சங்கங்கள் அதற்கு விலக்கல்ல.

இன்னொன்றும் உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இரண்டு மாதம் சம்பளமில்லாமல் பழகலாம். அன்றாடம் கடலுக்குப் போகிறவரின் மகனும், முந்திரி ஆலைக்குப் போகிறவளின் மகளும் பஸ் காசுக்கு என்ன செய்வார்கள்? அவர்களுக்கு உதவாவிட்டால், ஏழைகளுக்கென எழுந்த சங்கத்தில் ஏழைப்பிள்ளைக்கே இடமிராது.

3. செய்வோம்

சங்கத் தலைவர்களே, வருகிற பிள்ளைக்கு முதல் நாளே ஒரு வேலையைக் குறித்துக்கொடுங்கள்: ஒரு பேரேடு, ஓர் ஊர்க் கணக்கெடுப்பு, ஒரு குழுவின் கூட்டக் குறிப்பு, எதுவாயினும் சரி. பக்கத்திலிருந்து திருத்த ஓர் அனுபவசாலியை நியமியுங்கள். பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடுமாவது கொடுங்கள். இயலாவிட்டால் அன்பியங்கள் அச்செலவை ஏற்கட்டும்.

வாலிபர்களே, படித்தவன் என்ற எண்ணத்தை வாசலில் விட்டுச் செல்லுங்கள். வலை பின்னுகிற பெரியவர் எழுத்தறியாதவராயிருக்கலாம். கடலின் குணம் அவருக்குத் தெரியும். நம் ஆண்டவரும் நாசரேத்தூரில் தச்சர் என்றே அறியப்பட்டார்.

கூட்டத்தில் ஆராய வினாக்கள்:

1. நம் பங்கில் எத்தனை சங்கங்கள், குழுக்கள் உண்டு? எவை இரண்டு பிள்ளைகளையாவது ஏற்கக்கூடும்?

2. அவற்றில் பழகுகிறவரிடம் ஒப்படைக்கத்தக்க வேலைகள் யாவை?

3. பஸ் காசு இல்லாமையால் பின்வாங்கியவர் நம்மிடையே உண்டா? அவருக்கு இம்மாதமே என்ன செய்யப்போகிறோம்?