அந்த பெர்த் யார் கணக்கில் இருக்கிறது?



தத்கால் நேரத்தில் ஐஆர்சிடிசி தளம் திணறினால் இன்னும் நாலு சர்வர் வாங்கிப் போட வேண்டியதுதானே என்று கேட்டிருக்கிறாய், தம்பி. இதே கேள்வி பெரிய நிறுவனங்களின் கூட்டங்களிலும் எழுகிறது. கண்ணுக்குத் தெரிகிற திரைதான் முழு அமைப்பு என்ற நினைப்பு அதன் அடியில் கிடக்கிறது. அதை முதலில் விட்டொழி.

ஐஆர்சிடிசி தளம் 2002ல் வந்தது. இருக்கைக் கணக்கு அதற்கு வெகு முன்பே, 1980களின் நடுவிலேயே, கணினிக்குள் போகத் தொடங்கிவிட்டது. பிஆர்எஸ் எனப்படும் அந்த முன்பதிவு அமைப்பை நடத்துவது கிரிஸ். ரயில்வே அமைச்சகம் 1986ல் உருவாக்கிய நிறுவனம். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களில் தரவுத்தளங்கள். ஒரு ரயிலின் இருக்கைக் கணக்கு அவற்றில் ஒன்றின் பொறுப்பு. கவுன்ட்டரில் கேட்டாலும் கைபேசியில் கேட்டாலும் கேள்வி அங்கேதான் போய்ச் சேரும்.

ஐந்து இடத்திலும் பிரதி வைத்து விற்றால் என்ன? ஒரே லோயர் பெர்த் ஒரே நொடியில் இருவருக்குப் போய்விடும். போதாததற்கு, அதே பெர்த் சென்னையிலிருந்து விஜயவாடா வரை ஒருவருக்கும், அங்கிருந்து டெல்லி வரை இன்னொருவருக்கும் விற்கப்படலாம். அதன்மேல் பெண்கள், மூத்த குடிமக்கள், தத்கால் என்று ஒதுக்கீடுகள். ஒருவருக்கு ஒதுக்கி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தே ஆகவேண்டும். முன்னால் சர்வரைக் கூட்டுவது வீண் வேலை அல்ல. 2014ல் வந்த புதிய மின்டிக்கெட் அமைப்பு நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறனை 7,200 ஆக உயர்த்தியது. ஆனால் காலை 10 மணிக்கு விற்பதற்கு உள்ள பெர்த்துகள் அதனால் ஒன்றுகூடக் கூடவில்லை.

இங்கே கணினி அறிஞர் மெல்வின் கான்வேயைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அவருடைய கட்டுரையை ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ திருப்பி அனுப்பியது. 1968 ஏப்ரலில் டேட்டாமேஷன் இதழ் வெளியிட்டது. ஒரு நிறுவனத்தில் யார் யாரோடு பேசுகிறார்களோ, அந்தப் பேச்சின் வடிவத்தையே அது கட்டும் அமைப்பும் எடுத்துக்கொள்ளும் என்றார் கான்வே. ஏழாண்டு கழித்து இன்னொரு கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் தன் நூலில் இதைக் கான்வே விதி என்று எழுதிய பிறகுதான் ஊர் கவனித்தது. மென்பொருள் பற்றி வந்த தடித்தடி நூல்கள் பலவற்றைவிட அந்தச் சில பக்கங்கள் மேலானவை. தேடிப் படி, சுருக்கத்தைப் படித்துவிட்டுப் பேசாதே.

அந்த விதியை மனதில் வைத்து ரயில்வேயைப் பார். ஐந்து மையங்களும் முதலில் தனித்தனியாகவே இயங்கின. கன்சர்ட் என்ற மென்பொருள் 1994ல் செகந்திராபாத்தில் தொடங்கி, 1999க்குள் ஐந்தையும் இணைத்தது. கவனி, ஐந்தையும் கலைத்து ஒன்றாக்கவில்லை. அவரவர் கணக்கு அவரவரிடமே இருக்க, ஒன்றையொன்று கேட்டுக்கொள்ள வழி செய்தார்கள். எந்த ஊர்க் கவுன்ட்டரிலிருந்தும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் எடுக்க முடிந்தது அதனால்தான்.

பெட்டியும் அம்புக்குறியுமாகப் படம் வரைந்து அதை ஆர்க்கிடெக்சர் என்று அனுப்பியிருக்கிறாய். எந்தத் தகவலுக்கு யார் பொறுப்பு என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. திருத்தி வரை. கூடவே இதையும் யோசி: சார்ட் போட்டு ரயில் கிளம்பிய பிறகு, ஒரு பயணி வரவில்லை என்பது டிடிஇக்கு மட்டுமே தெரியும். முன்பெல்லாம் அது அவர் கைத்தாளோடு நின்றது. இப்போது கையடக்கக் கருவியில் பதிகிறார். காலியான பெர்த் ஆர்ஏசி பயணிக்கோ அடுத்து வரும் நிலையத்துக்கோ போகிறது. அந்த இடைவெளியில் பெர்த் யார் கணக்கில் இருந்தது என்று உன் படத்தில் குறித்து அனுப்பு.