அதிரசமா, கேக்கா?

கேள்வி: நாங்கள் ஸ்ரீரங்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மாமியார் பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவர், வயது 78. டிசம்பர் மூன்றாம் வாரம் வந்தால் அதிரசம், முறுக்கு, அச்சு முறுக்கு, சோமாசி என்று வீடே எண்ணெய் மணக்கும். கிறிஸ்துமஸ் நள்ளிரவில் சாமப்பூசை முடிந்து வந்ததும் முதலில் அதிரசம்தான். போன வருஷம் முழங்கால் வலியால் அவரால் அடுப்படியில் நிற்க முடியவில்லை. மொத்த வேலையும் என் தலையில் விழுந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், "கேக் ஆர்டர் பண்ணிடலாம்மா, அதிரசம் தீபாவளிப் பலகாரம்தானே" என்கிறாள். மாமியாரோ, "தாத்தா காலத்து வழக்கத்தை மாத்தக் கூடாது" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். நான் யார் பக்கம் பேசுவது?
— வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: அதிரச விஷயத்தில் மாமியார் பக்கம் பேசுங்கள். ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக வேண்டாம்.

வழக்கத்தை மாற்றக் கூடாது என்கிற அவரே, ஊர் பார்த்த மிகப் பெரிய மாற்றத்தினூடே வளர்ந்தவர். சிறுமியாகப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு சாமப்பூசைக்குப் போன காலத்தில் பூசை எந்த மொழியில் நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். லத்தீனில்தான். சாமியார் பீடத்தைப் பார்த்தபடி, ஜனங்களுக்கு முதுகு காட்டி நிற்பார். 1962 முதல் 1965 வரை ரோமாபுரியில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் பூசை தமிழுக்கு வந்தது. அன்றைய பெரியவர்கள் எத்தனை பேர் முணுமுணுத்திருப்பார்கள்! இன்று தமிழில் பாடாத பூசையை உங்கள் மாமியாரால் நினைத்துப் பார்க்க முடியுமா?

வீட்டில் இருப்பவற்றுக்கும் தனித்தனி வயது உண்டு. குடில், இத்தாலியின் கிரேச்சோ கிராமத்தில் 1223-ல் அசிசி பிரான்சிஸ் அமைத்ததிலிருந்து பரவியது. மரம் ஜெர்மனியில் தொடங்கி, விக்டோரியா ராணி காலத்தில் இங்கிலாந்துக்குப் போய் நாகரிகமானது. வாசலில் தொங்கும் காகித நட்சத்திரத்துக்கும் ஜெர்மனியில் மொரேவியன் சபைப் பள்ளிகளில் ஒரு பூர்வீகம் சொல்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில், நம் மண்ணிலேயே விளைந்தது அந்த அதிரசம்தான். மகள் சொல்வது சரி, அது தீபாவளிப் பலகாரம்தான். பக்கத்து வீட்டில் தீபாவளிக்குச் சுடுவதை நம் வீட்டில் கிறிஸ்துமஸுக்குச் சுட்டார்கள். இந்த மாதிரிப் பகிர்வு எல்லாக் காலத்திலும் சுமுகமாக நடந்துவிடவில்லை. 1606-ல் மதுரைக்கு வந்த மிஷனரி ராபர்ட் தெ நோபிலி தமிழ்ப் பழக்கவழக்கங்களை ஏற்றுக்கொண்டதைப் பற்றி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தகராறு. 1704-ல் துர்னோன் என்ற பாப்பரசரின் தூதர் தாலி, திருநீறு என்று பலவற்றுக்குத் தடை எழுதினார். நல்லவேளை, அந்தப் பட்டியலில் பலகாரத் தட்டு இல்லை.

கேக்கையும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நம் பக்கத்துக் குடும்பங்களில் கேக் பெரும்பாலும் பேக்கரியிலிருந்து வந்ததுதான். அதை ஆர்டர் செய்வதில் எந்த வழக்கமும் குலைந்துவிடாது. மகள் பொறுப்பில் விட்டுவிடுங்கள்.

உண்மையில் உங்கள் வீட்டில் குலைந்திருப்பது வேலைப் பங்கீடு. நாலு வகையும் ஒருத்தி சுட வேண்டும் என்று எந்தத் தாத்தாவும் சொல்லிவைக்கவில்லை. இந்த வருஷம் முறுக்கு, அச்சு முறுக்கு, சோமாசியைக் கடையில் வாங்கிவிட்டு அதிரசத்தை மட்டும் வீட்டில் வையுங்கள். அதற்கும் மாமியார் நிற்க வேண்டாம், நாற்காலி போட்டு உட்கார்ந்து பாகுப் பதம் பார்க்கட்டும். கைமாற வேண்டிய வித்தை அதுதான், எழுதி வைத்தால் வராது. ஒரு கிலோ பச்சரிசியை ஊறவைத்து, துணியில் நிழலாற உலர்த்தி, கையில் ஈரம் தெரியும்போதே அரைத்துச் சலிக்க வேண்டும். முக்கால் கிலோ வெல்லப் பாகு. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் திரண்டு, விரலால் உருட்டினால் உருள வேண்டும். ஆனால் கல்லாகக் கூடாது. அந்த நொடியில் இறக்கி, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளற வேண்டும். பாகு இளகினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும், முற்றினால் பல்லைப் பதம் பார்க்கும். மாவை நெய் தடவி மூடி இரண்டு மூன்று நாள் வைத்துவிட்டுச் சுடலாம் என்பதால், மகள் சனி ஞாயிறில் வந்து பாகு காய்ச்சிவிட்டுப் போகலாம். 23-ஆம் தேதி நீங்களும் உங்கள் கணவரும் சுட்டுவிடலாம். எண்ணெயிலிருந்து எடுத்ததை இரண்டு கரண்டிக்கு நடுவே அழுத்திப் பிழிகிற வேலை அவருக்கு நன்றாக வரும்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு சொல். அக்கம்பக்கத்துக்குப் போகும் தட்டில் அச்சு முறுக்கு இருந்தால் அது முட்டை சேர்க்காததாக இருக்கட்டும். நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2020-ல் வைகுண்ட ஏகாதசியே டிசம்பர் 25 அன்று வந்தது. ஏகாதசி விரதத்தில் அரிசி சேராது, அதிரசமோ அரிசி. அப்படி வரும் வருஷம் தட்டை மறுநாள் துவாதசிக்கு அனுப்பினால், வாங்குகிறவர் சங்கடப்படாமல் வாயில் போட்டுக்கொள்வார்.

கேள்வி: எங்கள் தெருவில் இப்போது ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்றுகூட இல்லை. ஆனால் அவர்களிடம் அம்மா கற்ற குல்குல் என்ற இனிப்பை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் செய்கிறோம். உறவினர்கள் "அது நம்முடையதா?" என்று கிண்டல் செய்கிறார்கள்.
— வாசகர், பொன்மலை

பதில்: பொன்மலையில் எதுதான் உள்ளூர்? ரயில்வே பணிமனையே 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து வந்தது. பணிமனையோடு வந்து குடியேறிய குடும்பங்களில் பலர் சுதந்திரத்துக்குப் பின் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று போய்விட்டார்கள். செய்முறையை உங்கள் அம்மா வாங்கி வைத்துக்கொண்டார். முள்கரண்டியின் முதுகில் மாவை அழுத்திச் சுருட்டுகிறீர்களா, புதுச் சீப்பிலா? சீப்பில் வரி நெருக்கமாக விழும், சர்க்கரைப் பாகு நன்றாகப் பிடிக்கும். கிண்டல் செய்கிறவர்களுக்கு ஒரு டப்பா கொடுத்தனுப்புங்கள்.

கேள்வி: குடிலை எப்போது பிரிப்பது? பொங்கல் வரை வைக்க வேண்டும் என்கிறார் அம்மா; புத்தாண்டோடு எடுத்துவிட வேண்டும் என்கிறார் அப்பா.
— வாசகி, உறையூர்

பதில்: புத்தாண்டோடு எடுத்தால் மூன்று ராசாக்கள் வந்து சேர இடமில்லாமல் போகும். அவர்கள் திருநாள் ஜனவரி 6. இந்தியாவில் அதையொட்டிய ஞாயிறில் கொண்டாடுகிறோம். அதற்குப் பின் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு கத்தோலிக்கத் திருவழிபாட்டில் கிறிஸ்துமஸ் காலம் முடிகிறது. முன்பு பிப்ரவரி 2 வரை வைத்திருந்த வீடுகளும் உண்டு. ஆக, போகிக்கு முன்னால் பிரித்துவிடுங்கள். குடிலில் முளைக்கப் போட்ட கேழ்வரகு நாற்று அதற்குள் மஞ்சளடித்திருக்கும், மாட்டுக்குப் போட்டுவிடலாம். வைக்கோலையும் போகித் தீயில் போடாமல் அதோடு சேர்த்தே கொடுங்கள்.