புள்ளி மறைந்த பலகை

மைசூரிலிருந்து உதகைக்குச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் குண்டலுபேட்டை உள்ளது. முன்பு மைசூரு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 1997ஆம் ஆண்டு முதல் சாமராசநகர் மாவட்டத்தில் அமைந்துள்ளது. ஊருக்குத் தெற்கே பந்திப்பூர்க் காடு. அங்குத் தேக்கும் ஈட்டியும் வளர்கின்றன. ஈட்டியைக் கன்னடத்தில் பீட்டெ என்பர். மைசூரின் மரப்பதிப்புக் கலைக்குப் புகழ் தந்த மரம் அதுவே.

ஈட்டிப் பலகையில் யானை, மயில் முதலிய உருவங்களின் வடிவில் பள்ளம் செதுக்கி, அப்பள்ளத்தில் வேற்று நிறத் துண்டுகளைப் பொருத்தி மெருகேற்றுவர். முற்காலத்தில் தந்தம் பதித்தனர்; மைசூரு அரண்மனைக் கதவுகளில் அவ்வேலைப்பாட்டை இன்றும் காணலாம். இக்கலையில் பள்ளத்தின் ஆழமே உயிர்நாடி. ஆழம் குறைந்தால் மீண்டும் உளி வைக்கலாம். மிகுந்துவிட்டால் பதித்த துண்டு அமிழ்ந்துபோகும். மெல்ல வளரும் விலையுயர்ந்த மரம் வீணாகும்.

அவ்வுளியின் பணியை இன்று வீட்டு மேசைமீது வைக்கத்தக்க சிறிய சி.என்.சி. ரவுட்டரும் செய்கிறது. கணினி தரும் கட்டளைப்படி சுழலும் வெட்டுமுனை இடவலமாகவும் முன்பின்னாகவும் மேல்கீழாகவும் நகரும். 3018 என்னும் வகை, சுமார் 30 செ.மீ. நீளமும் 18 செ.மீ. அகலமும் உள்ள பரப்பில் செதுக்கவல்லது. இத்தகைய பொறிகளில் அடிக்கடி தோன்றும் குறை ஒன்று உண்டு: ஒரே பலகையில் சில எழுத்துகள் ஆழமாகவும் சில மேலோட்டமாகவும் அமைதல்.

'தமிழ் இல்லம்' என்னும் வாயிற்பலகை ஒன்று செதுக்கப்படுவதாகக் கொள்க. வெட்டுமுனை 90 பாகைக் கூம்பு வடிவினது. கட்டளையிட்ட ஆழம் 1 மி.மீ. இம்முனை வெட்டும் கோட்டின் அகலம் ஆழத்தைப்போல் இருமடங்கு. ஆகவே கோடு 2 மி.மீ. அகலம் பெறவேண்டும். பலகையின் வலப்புறம் 0.6 மி.மீ. மட்டுமே தாழ்ந்திருந்தால், அங்கு ஆழம் 0.4 மி.மீ. ஆகும், அகலமோ 0.8 மி.மீ. ஆகக் குறுகும். எழுத்தின் வளைவுகள் மெலிந்தேனும் தெரியும். இறுதி மகரத்தின் புள்ளி மர இழைகளுக்கிடையே மறைந்துவிடும். 'இல்லம்' என்பது 'இல்லம' என நிற்கும்.

ஓலைச்சுவடிகளிலும் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. எழுத்தாணி அழுத்தினால் ஓலை கிழியும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். சுவடி படித்தோர் பொருள் நோக்கி மெய்யெழுத்தை உணர்ந்துகொண்டனர். மரத்திலோ அத்தகைய அச்சம் இல்லை. புள்ளி மறைவதற்கு நியாயமும் இல்லை.

குறையைக் கண்டவுடன் பொறியைப் பழிப்பது பலரது வழக்கம். முதலில் குறை எதனோடு சேர்ந்து நகர்கிறது என்று பார்ப்பதே அறிவுடைமை. சுழற்சியை முற்றிலும் நிறுத்தியபின், சாதாரணத் தாள் ஒன்றைப் பலகையின்மீது வைத்து, தாள் உரசி நகரும் அளவுக்கு முனையை இறக்கி, அவ்வுயரத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும். தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. நான்கு மூலைகளிலும் நடுவிலும் இவ்வாறு அளந்தபின், பலகையைத் தலைமாற்றி வைத்து மீண்டும் அளக்கவேண்டும். பலகையோடு தாழ்வும் இடம் மாறினால் குறை மரத்தினுடையது. பலகையைத் திருப்பியும் தாழ்வு அதே பக்கத்தில் நின்றால் குறை மேடையினுடையது.

மரத்தின் குறைக்கு ஈரமே பெரும்பாலும் காரணம். மழை மிகுந்த வயநாட்டுப் பக்கத்திலிருந்து வறண்ட குண்டலுபேட்டைக்கு வரும் பலகை உலர உலரச் சுருங்கும். அப்போது அதன் ஆண்டு வளையங்கள் நிமிர முயல்வதுபோலப் பலகை வளையும், பட்டைப்புறம் குழியும். குழிந்த புறத்தில் செதுக்கினால் நடுவெழுத்துகள் மேலோட்டமாகும். பலகையை அறையில் சில நாள் பழகவிட்டு, இருபுறமும் இழைத்து மட்டமாக்கியபின் செதுக்குவதே தீர்வு. கவ்விகளை மிக இறுக்குவதும் தவறு. ஓரங்கள் அமுங்க, நடு மேலெழும். அங்கு ஆழம் கூடும்.

மேடையின் குறைக்குப் பலர் ரசமட்டத்தைத் தேடுவர். கொத்தனாருக்குக் கைகொடுக்கும் அக்கருவி இங்குப் பயன்படாது. மேடை பூமிக்கு மட்டமாக இருக்கவேண்டும் என்பதில்லை. வெட்டுமுனை நகரும் தளத்திற்கு இணையாக இருந்தால் போதும். ஆகையால் மேடைமீது ஒரு காப்புப் பலகையைத் திருகி, அதன் மேற்பரப்பு முழுவதையும் அப்பொறியைக்கொண்டே மெல்லிதாகச் சீவவேண்டும். பொறி தானே சீவிய பரப்பு அதன் நகர்வுக்கு இணையாக அமைந்துவிடும்.

மூன்றாவது வகை வேறு. இடத்தைப் பொறுத்தன்றி நேரத்தைப் பொறுத்து ஆழம் மாறும்: முதலெழுத்து சரியாக இருக்கும், போகப்போகப் பிழைக்கும். பிடிப்பு தளர்ந்து முனை மெல்லக் கீழிறங்கியிருக்கலாம். அல்லது மேல்கீழ் நகர்த்தும் மோட்டார் சில படிகளைத் தவறவிட்டிருக்கலாம். இச்சிறு பொறிகளின் மோட்டார் தன் படிகளை எண்ணுவதன்றி, தான் நிற்கும் இடத்தைப் பார்ப்பதில்லை. தடைப்பட்டு நின்ற படியையும் நகர்ந்ததாகவே கணக்கிடும். வேலை முடிந்ததும் தொடங்கிய புள்ளிக்கே முனையைக் கொண்டுவந்து தாளால் மீண்டும் அளந்தால் உண்மை புலப்படும்.

பதிப்புக் கலைஞரின் முறை பொறிக்கும் பொருந்தும்: முதலில் ஆழம் குறைத்தே செதுக்குக. கவ்விகளைக் கழற்றாமல் ஒவ்வொரு புள்ளியையும் விரலால் தடவிப் பார்த்து, குறைந்திருந்தால் 0.2 மி.மீ. கூட்டி மறுமுறை ஓட்டுக. கழற்றிய பலகையைப் பழைய இடத்தில் இம்மியும் பிசகாமல் மீண்டும் பொருத்துவது மிக அரிது.

சொற்பொருள்
அமிழ்தல் – உள்ளே தாழ்தல்; இழைத்தல் – இழைப்புளியால் சீவுதல்; பிசகுதல் – இடம் தவறுதல்.

பயிற்சி
1. கூம்புமுனை 90 பாகை, ஆழம் 0.7 மி.மீ. எனில் கோட்டின் அகலம் எவ்வளவு?
2. பலகையைத் தலைமாற்றி வைத்து அளப்பது ஏன்?
3. புள்ளி நீங்கினால் ஒலி மாறும் சொற்கள் ஐந்தினை எழுதுக.
4. உமது வீட்டு வாயிலில் எழுதத்தக்க பெயரொன்றைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி, தமிழில் உள்ள மெய்யெழுத்துகளை வட்டமிடுக.