புது சிஸ்டர் கேள்வி கேட்கட்டும்

படிப்பை முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டு வார்டுக்குள் வரும் பெண்ணுக்கு நிறையவே தெரியும். கேனுலா போடுவாள், கதீட்டர் போடுவாள், ட்ரிப்புக்கு நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கணக்குப் போடுவாள். ஆனால் மாணவியாக இருந்தபோது அவள் கையில் ஒருவர், மிஞ்சினால் இரண்டு நோயாளிகள்தான். அவர்களுக்கு நிதானமாகக் கேர் பிளான் எழுதி, மேடத்திடம் காட்டிக் கையெழுத்து வாங்கினாள். இப்போது பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவருக்கு ஆன்டிபயாடிக் நேரம். இன்னொருவரை ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். டிஸ்சார்ஜ் பில் என்னாச்சு என்று ஒரு அட்டெண்டர் நிற்கிறார். மூன்றாம் பெட்காரர் இரண்டு மணி நேரமாகச் சரியாகப் பேசவில்லை. இதற்குள் ரவுண்ட்ஸ் வந்துவிடுகிறது.

இந்தத் தடுமாற்றம் புதிதல்ல. அமெரிக்காவில் மர்லீன் கிரேமர் என்ற நர்சிங் ஆய்வாளர் 1974-லேயே இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ‘ரியாலிட்டி ஷாக்’ என்பதே அதன் தலைப்பு. பத்து வருடம் கழித்து, 1984-இல், பாட்ரிஷியா பென்னர் ஒரு நர்ஸ் வளரும் பாதையை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். அவர் கணக்கில் புதிதாகப் படித்து வந்தவள் நிற்பது இரண்டாம் படி. ஒவ்வொரு வேலையையும் செய்யத் தெரியும். எதை முன்னால் செய்வது, எது காத்திருக்கலாம் என்பது இன்னும் பிடிபட்டிருக்காது. அவளிடம் போய் “பார்த்துச் செய்மா” என்றால் ஒன்றும் புரியாது. “பில் காத்திருக்கும், முதல்ல மூணாம் பெட்டைப் போய்ப் பாரு. பேச்சு குழறுது, சுகரைச் செக் பண்ணு” என்று காரணத்தோடு சொல்லுங்கள். இப்படி நான்கு நாள் கேட்டால் ஐந்தாம் நாள் அவளே வரிசைப்படுத்துவாள்.

வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கும் நர்சிங் சூப்பிரண்டெண்டுகளுக்கும்தான் இதை எழுதுகிறேன். ‘அவள்’ என்று எழுதுவது பெரும்பான்மை கருதி. புதிதாக வரும் தம்பிகளுக்கும் இதில் எதுவும் மாறாது.

முதல் சில வாரங்களுக்குப் புது ஸ்டாஃபை ஆள் கணக்கில் சேர்க்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பொது வார்டில் போதனா மருத்துவமனை என்றால் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற இடங்களில் ஐந்துக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் அளவு. நம் வார்டுகளில் நடப்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பற்றாக்குறையை உங்களால் தீர்க்க முடியாமல் இருக்கலாம். ஆனால் இரண்டு பேர் ட்யூட்டியில் புதியவளையும் சேர்த்து “மூணு பேர் இருக்கீங்களே” என்று ஒரு பழைய ஸ்டாஃபை வேறு வார்டுக்கு அனுப்புவது உங்கள் கையில் இருக்கிறது. அதைச் செய்தால் அவளுக்குக் கற்றுத்தர ஆளே இருக்காது.

அவளோடு ஒரே ஷிஃப்டில் ஒரு சீனியரை இணைத்துவிடுங்கள். யாரை என்பதில் கவனம் தேவை. வார்டிலேயே கை வேகமான சிஸ்டரைத்தான் நாம் முதலில் நினைப்போம். ஆனால் கை வேகமானவருக்குப் பொறுமை குறைவாக இருக்கும். “தா, நானே போட்டுடறேன்” என்று கேனுலாவைப் பிடுங்கிக்கொள்வார். கொஞ்சம் நிதானமான, படித்து வந்து இரண்டு மூன்று வருடமே ஆன ஒருவர் பல நேரம் நல்ல துணை. தான் பட்ட பாடு அவருக்கு இன்னும் மறந்திருக்காது. அப்படி இணைக்கும்போது அந்தச் சீனியரின் பெட்டில் இரண்டைக் குறையுங்கள். இல்லாவிட்டால் கற்றுக்கொடுப்பது அவருக்குத் தண்டனையாகிவிடும். அந்தக் கோபம் புதுப் பெண்ணின் மேல்தான் இறங்கும்.

“காலேஜ்ல இதுகூடச் சொல்லித்தரலையா?” என்ற ஒரு வாக்கியத்தை உங்கள் வார்டில் தடை செய்யுங்கள். நாமெல்லாம் கேட்டு வளர்ந்ததுதான், அதனால் சொல்லும்போது தப்பாகவே தோன்றாது. ஆனால் அதை ஒருமுறை கேட்டவள் அடுத்த தடவை யாரையும் கேட்க மாட்டாள், ஊகித்துச் செய்துவிடுவாள். இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் 40 யூனிட் வயலும் உண்டு, 100 யூனிட்டும் உண்டு. சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். மாற்றி, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடியில் அதே கோடு வரை இழுத்தால் வெறும் 8. “அக்கா, இந்த வயலுக்கு எந்த சிரிஞ்ச்?” என்று கேட்க அரை நிமிடம் ஆகாது. கேட்க முடியாத வார்டில்தான் நோயாளி விடியற்காலையில் வியர்த்துக் கிடப்பார்.

பொட்டாசியம் குளோரைடும் அப்படித்தான். கலக்காமல் நேராக ஏற்றினால் இதயமே நின்றுவிடக்கூடும். அந்த ஆம்பூலை மற்ற ஆம்பூல்களோடு ஒரே ட்ரேயில் போடாமல் தனியாகப் பெயர் எழுதி வையுங்கள். ஆபத்தான மருந்துகளை இரண்டு பேர் பார்த்த பிறகே ஏற்றுவது என்பதைப் புதியவளுக்கு மட்டும் வைக்காமல் எல்லோருக்கும் வழக்கமாக்குங்கள். நீங்களும் அவளிடம் காட்டிச் சரிபாருங்கள். இன்சார்ஜே தன்னிடம் காட்டுகிறார் என்றால் அவளுக்குக் கேட்கும் கூச்சம் போய்விடும்.

அடுத்தது நைட் ட்யூட்டி. புதியவர்கள் பெரும்பாலும் பயப்படுவது நோயாளியைப் பார்த்து இல்லை, டெலிஃபோனைப் பார்த்து. இரவு இரண்டு மணிக்கு டாக்டரை எழுப்ப வேண்டும். எழுப்பினால் திட்டு விழும். அதனால் தயங்கித் தயங்கி, “டாக்டர், பிபி கொஞ்சம் லோவா இருக்கு” என்று மட்டும் சொல்வாள். தூக்கக் கலக்கத்தில் அவரும் “ஃப்ளூயிட் ஓடட்டும், பார்ப்போம்” என்று வைத்துவிடுவார். இதற்கு ஒரு முறை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கி, பிறகு மருத்துவமனைகளுக்கு வந்த முறை; ‘எஸ்பார்’ என்பார்கள். இப்போது என்ன நிலைமை, இதுவரை என்ன நடந்தது, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நான்கு விஷயங்களையும் அதே வரிசையில் சொல்ல வேண்டும். நம் வார்டுத் தமிழில் அது இப்படி இருக்கும்:

“டாக்டர், சர்ஜரி வார்டு ஸ்டாஃப் பேசறேன். 14-ஆம் பெட்டுக்கு பிபி இப்போ 90/60, பல்ஸ் 120. நேத்து பித்தப்பை ஆபரேஷன் ஆனவர், வயசு 58. ராத்திரி பத்து மணிக்கு பிபி 120/80 இருந்துச்சு. ரெண்டு மணி நேரமா யூரின் 20 எம்.எல். தான் வந்திருக்கு. உள்ளே ரத்தம் கசியுதோன்னு நினைக்கிறேன். நீங்க உடனே வந்து பார்க்கணும்.”

கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் புதியவள் வாயில் வராது. டாக்டருக்கு நாம் சொல்வதா என்று விழுங்கிவிடுவாள். ஓய்வான மத்தியானம் ஒன்றில் நீங்கள் டாக்டராகி, அவளை ஃபோனில் பேசச் சொல்லுங்கள். நடுவில் நன்றாகவே எரிந்து விழுங்கள். நாலு தடவை சிரித்துக்கொண்டே திட்டு வாங்கியவள் நிஜத் திட்டுக்கு அவ்வளவாக அசர மாட்டாள். ஃபோனில் வாங்கும் ஆர்டரை மருந்து, அளவு எல்லாம் திரும்பச் சொல்லி உறுதி செய்துகொண்டு எழுதவும் அப்போதே பழக்குங்கள். டாக்டர் வரவில்லை என்றால் அடுத்து யாரைக் கூப்பிடுவது? அந்த நம்பர் நர்சஸ் ஸ்டேஷன் சுவரில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே உங்கள் நம்பரும் இருந்தால் நல்லது. முதல் சில நைட் ட்யூட்டிகளில் அவளைத் தனியாக மட்டும் போடாதீர்கள்.

எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் தவறு நடக்கும். நடந்த உடனே நோயாளியைப் பார்க்க வேண்டும், டாக்டரிடம் சொல்ல வேண்டும், நடந்ததை நடந்தபடி கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். விசாரணை எல்லாம் அதற்குப் பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு. அட்டெண்டர்கள் பார்க்க நர்சஸ் ஸ்டேஷனில் நிற்க வைத்துத் திட்டினால், அந்த ஒருத்தி மட்டுமல்ல, வார்டில் உள்ள எல்லா ஜூனியரும் அடுத்த தவறை மறைப்பார்கள்.

ஊசி குத்திக்கொண்டதை மறைப்பதும் இந்தப் பயத்தால்தான். இதில் நேரம் முக்கியம். குத்திய இடத்தை அழுத்திப் பிதுக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே சொல்ல வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 28 நாள் சாப்பிட வேண்டும். நடுராத்திரியில் அந்த மருந்து எங்கே கிடைக்கும், சாவி யாரிடம் என்பதை முதல் நாளே காட்டிவிடுங்கள். ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று டோஸும் போட்டாளா, ஆன்டிபாடி அளவு பார்த்தாளா என்று வேலையில் சேரும்போதே கேளுங்கள். ஒரு டோஸோடு மறந்துவிட்ட பெண்கள் நிறைய.

அட்டெண்டர்கள் கூட்டமாக வந்து சத்தம் போட்டால் அவளை முன்னால் நிறுத்தாதீர்கள். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். மருத்துவமனை ஊழியர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது என்பதும், பாலியல் தொல்லை என்றால் உள்புகார்க் குழுவுக்குப் போகலாம் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் பார்த்துக்கொண்ட நோயாளி முதன்முதலாக இறக்கும் நாளில், உடலை அனுப்பிய கையோடு அடுத்த அட்மிஷனைக் கொடுக்காமல் ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும்.

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. புதியவர்கள் ஓடிவிடுவார்கள் என்று ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பீரோவில் பூட்டி வைக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அப்படிப் பிடித்து வைக்கப்பட்டவள் என்றைக்கு சர்டிபிகேட் கைக்கு வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒழுங்கான ட்யூட்டி ரோஸ்டர், ஹாஸ்டலில் நைட் முடித்து வந்தவள் தூங்க ஓர் அறை, மாதம் பிறந்ததும் சம்பளம் – இவற்றுக்கு ஆகும் செலவு, வருடா வருடம் புது ஆளைத் தேடிப் பிடிப்பதைவிட அதிகமாக இருக்காது.

மூன்றாம் மாதம் அவளை உட்காரவைத்துப் பேசுங்கள். தனியாகச் செய்ய எது சரளமாகிவிட்டது, எதற்கு இன்னும் ஆள் வேண்டும் என்று கேளுங்கள். “எல்லாம் ஓகே மேடம்” என்றால் நம்பாதீர்கள். அவளோடு இருக்கும் சீனியரையும் தனியாகக் கேளுங்கள். ஆறாம் மாதம், வந்த புதிதில் எதெல்லாம் தெரியாமல் தவித்தாள் என்று அவளையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எமர்ஜென்சி ட்ரே எங்கே இருக்கிறது, ரத்த வங்கிக்கு எந்த ஃபாரம், எந்த டாக்டருக்கு எந்த நம்பர் என்று சின்னச் சின்னதாக வரும். அடுத்த பேட்ச் சேரும் நாளில் அந்தத் தாளைப் படியெடுத்து ஆளுக்கொன்று கொடுக்கலாம்.