தொலைநோக்கியும் துலாக்கோலும்

முன்னுரை

எடையை நிறுக்கும் கருவிக்குத் துலாக்கோல் என்று பெயர். நீர் இறைக்கும் ஏற்ற மரத்தையும் துலா என்றே தமிழர் வழங்கினர். வானில் ஓர் இராசிக்கும் துலாம் என்பதே பெயர். அரபு மொழியில் அதனை மீஸான் என்பர். திருக்குறள் நடுவுநிலைமை அதிகாரத்தில் துலாக்கோலை உவமையாக்குகிறது. திருக்குர்ஆனின் ‘அர்ரஹ்மான்’ அத்தியாயம் வானத்தையும் தராசையும் ஒருசேர நினைவூட்டுகிறது. வானத்தைக் காணும் கருவிக்கும் இச்சமன் இன்றியமையாதது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்விக்கூடங்களில் ஆர்வத்தோடு வாங்கப்பெற்ற தொலைநோக்கிகள் சில, ஓரிரு இரவுகளுக்குப் பின் அலமாரியில் உறங்கக் காண்கிறோம். பெரும்பாலும் குறை கண்ணாடியில் இல்லை. ஆசிரியர் வியாழனைக் காட்சிக்குள் நிறுத்திவிட்டு விலகுவார். மாணவர் குனிந்து நோக்குவதற்குள் குழாய் தாழ்ந்து கோள் மறைந்துவிடும். வரிசையில் பத்தாமவர் வருமுன் கூட்டம் கலைந்துவிடும். ஒரு மாணவரின் முதல் வான்காட்சி வெறும் இருட்டாகவே முடிந்துவிடுகிறது. இதனைத் தவிர்ப்பது எளிது.

தூணும் பெட்டியும்

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ஆம் ஆண்டு எழுந்த வானோக்கு நிலையத்தில், கருவியைத் தாங்குவதற்கென ஏறத்தாழப் பத்து டன் எடையுள்ள கருங்கல் தூணை நிறுவினர். தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட மொழிகளில் எழுத்துப் பொறித்த அத்தூண் இன்றும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. எடையே உறுதி என்னும் வழி அது.

வேறொரு வழியைக் காட்டியவர் ஜான் டாப்சன் (1915–2014). சீனத்தின் பெய்ஜிங் நகரில் பிறந்த இவர், 1944-இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரிலிருந்த இராமகிருஷ்ண மரபு வேதாந்த மடத்தில் சேர்ந்து துறவியாக வாழ்ந்தார். 1967-இல் மடத்தை விட்டு நீங்கியபின், தெருவோரத்தில் கருவியை வைத்து வழிப்போக்கருக்கு வானத்தைக் காட்டுவதையே வாழ்க்கைப் பணியாக்கிக் கொண்டார். பிளைவுட் பலகையும் அட்டைக் குழாயும் கொண்டு அவர் அமைத்த எளிய தாங்கியே டாப்சன் தாங்கி எனப்படுகிறது. தரையில் மூன்று கால்களுள்ள அடிப்பலகை. அதன்மேல் இடவலமாகச் சுழலும் பெட்டி. பெட்டியின் மேல் இரு வட்டத் தாங்கிகளால் மேலும் கீழும் சாயும் குழாய். பற்சக்கரமோ மின்விசையோ தேவையில்லை. தள்ளினால் நகர வேண்டும். கையை எடுத்தால் நிற்க வேண்டும்.

இவ்விரட்டைப் பண்பு நம் காஞ்சிபுரத்தார்க்குப் புதிதன்று. பிள்ளையார்பாளையத்துத் தறியில் ஊன்றிய மரம் அசையலாகாது. ஓடும் நாடா தடைபடலாகாது. இரண்டில் ஒன்று தவறினும் சேலை கெடும். தொலைநோக்கியின் நிலையும் அதுவே.

சமன் காணும் முறை

முதலில் கண்ணருகு வில்லையையும், தேடுகுழல் எனும் துணைக் குழலையும் பொருத்திய பின்னரே சமன் பார்த்தல் வேண்டும். குழாயைக் கிடைநிலைக்குக் கொணர்ந்து, கையைத் தளர்த்துக. முன்புறம் தாழ்ந்தால், ஆடி இருக்கும் பின்புறத்தில் எதிரெடை சேர்க்க வேண்டும். எடையும் தூரமும் பெருக்கிவரும் அளவே இங்குக் கணக்கு. தாங்கியிலிருந்து 80 செ.மீ. தொலைவில் 300 கிராம் வில்லை இருப்பின், பின்புறம் 40 செ.மீ. தொலைவில் 600 கிராம் வேண்டும். ஆகவே எதிரெடையைக் குழாயின் கடைசி நுனியில் வைப்பதே சிக்கனம். இரும்புக் குழாயாயின் காந்தம் போதும். அட்டைக் குழாயாயின் மணல் நிரப்பிய துணிப்பையைக் கட்டலாம்.

கிடைநிலையில் நின்ற குழாய், உயர்த்தியவுடன் தானே சாய்வதும் உண்டு. தேடுகுழலின் எடை ஒரு பக்கமாக நிற்பதால் ஈர்ப்பு மையம் தாங்கியின் அச்சை விட்டு விலகியிருப்பதே காரணம். எதிர்ப்பக்கத்தில் சிற்றெடை ஒன்றைச் சேர்த்தால் குறை தீரும். எனவே 20, 45, 70 பாகை ஆகிய மூன்று உயரங்களிலும் சோதித்தல் நன்று.

உராய்வின் பங்கு

டாப்சன் தாங்கியில் டெஃப்லான் துண்டுகள் ஃபார்மிகா போன்ற பரப்பின்மேல் வழுக்குகின்றன. நின்ற பொருளை அசைக்க வேண்டிய விசையும், அசைந்ததை நகர்த்தும் விசையும் டெஃப்லானில் ஏறத்தாழ ஒன்றே. அதனால் குழாய் துள்ளாமல் நகர்கிறது. எண்ணெய் இடுதல் கூடாது. தூசி படிந்து இறுகும். சமன் கெட்ட குழாயை இறுக்கும் திருகால் அடக்குவதும் முறையன்று. சமன் செய்தபின் இறுதித் திருத்தத்திற்கே திருகு.

அதிர்வு நீக்கல்

குழாயை விரலால் மெல்லத் தட்டுக. காட்சி ஓரிரு நொடிகளில் அடங்கினால் நன்று. நீடித்தால் தளர்ந்த திருகுகளையும் அடிப்பலகையின் கால்களையும் ஆராய்க. மொட்டைமாடியைவிட மண்தரை மேல். மாடியே கதியெனில், தளத்தின் நடுவை விடுத்துச் சுவரோரத்தில் வைக்க. பகலில் காய்ந்த தளம் இரவில் வெப்பம் உமிழும்போது கோளின் விளிம்பு கொதிப்பதுபோல் தோன்றும். அது கருவியின் அதிர்வன்று. காட்சி முழுவதும் ஒருங்கே ஆடினால் தாங்கியின் குறை. விளிம்பு மட்டும் நெளிந்தால் காற்றின் குறை.

நம் ஊருக்குரிய இரு நிலைகள்

முதலாவது, மேல்வானில் தாழ நிற்கும் இளம்பிறை. பிறை காணல் பற்றிய மார்க்கத் தீர்ப்பு அறிஞர்களுக்குரியது. கருவியை நிறுத்தும் முறையே நம் பேச்சு. குழாய் கிடைநிலையை நெருங்கும்போதுதான் முன்புற எடையின் இழுப்பு மிகுதியாகிறது. ஆதலின் பிறைக்கு முன்னர்ச் சமன் பார்த்தல் கட்டாயம். கதிரவன் முற்றிலும் மறையுமுன் அத்திசையில் குழாயைத் திருப்பலாகாது, கண்பார்வை போய்விடும்.

இரண்டாவது, உச்சி வானம். காஞ்சிபுரம் ஏறத்தாழ 12.8 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால் நிலவும் கோள்களும் பல மாதங்களில் நம் தலைக்கு மேலாகவே கடக்கின்றன. சான்பிரான்சிஸ்கோவில் அவை அத்துணை உயர்வதில்லை. குழாய் செங்குத்தாகும்போது அதனைப் பக்கவாட்டில் தள்ளும் கைக்கு நெம்பு கிடைப்பதில்லை. பெட்டியையே பிடித்துத் திருப்ப நேர்கிறது. கோள் உச்சிக்கு வருவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்போ பின்போ காட்டுவது இதற்குத் தக்க வழி.

காட்டும் முறை

1200 மி.மீ. குவியத் தொலைவுள்ள கருவியில் 10 மி.மீ. வில்லை 120 மடங்கும், 25 மி.மீ. வில்லை 48 மடங்கும் பெருக்கும். அதிர்வும் அவ்வாறே பெருகும். ஆகவே குறைந்த பெருக்கத்தில் தொடங்குக. புவிச் சுழற்சியால் நிலவு தன் அகலத்தை ஏறத்தாழ இரண்டு நிமிடங்களில் கடக்கிறது. கோளைக் காட்சியின் நடுவில் வைக்காமல், அது நுழையும் விளிம்பருகே நிறுத்திவிட்டு விலகினால், அடுத்தவர் நோக்குவதற்குள் அது நடுவிற்கு வந்து சேரும். நோக்குவோர் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளட்டும்; சிறுவர்க்கு முக்காலி ஒன்று இடுக. வில்லையை மாற்றினால் சமனை மீண்டும் பார்க்க.

நிறைவுரை

எடையால் நிலைத்தது நுங்கம்பாக்கத் தூண். சமனால் நிலைப்பது டாப்சன் கருவி. மாடிக்கும் திடலுக்கும் தெருமுனைக்கும் தூக்கிச் செல்லத்தக்கது பின்னதே. அலமாரியில் உறங்கும் கருவி எந்நிறுவனத்தில் இருப்பினும், ஒரு மாலைப்பொழுதும் ஒரு மணற்பையும் இருந்தால் அதனை எழுப்பிவிடலாம். மாணவர்கள் இப்பணியைத் தம் கையாலேயே செய்து பழகுவார்களாக. ஊர்ப் பெரியோர்கள் அவ்விரவில் வரிசையில் நின்று சனியின் வளையத்தைக் கண்டு அவர்களை ஊக்குவிப்பார்களாக.