அடைமழைக் காலக் காய்ச்சல்: ரிப்போர்ட்டைப் பார்க்கும் முன் குழந்தையைப் பாருங்கள்

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்கு வீடு காய்ச்சல்தான். ரத்தம் எடுத்துப் பார்த்தால், ரிப்போர்ட்டில் ‘வெள்ளை அணுக்கள் 14,200’ என்று தடித்த எழுத்தில் நிற்கிறது. பெற்றவர்களுக்குக் கைகால் ஓடுவதில்லை.

பதறாமல் குழந்தையின் வயதை நினைத்துப் பாருங்கள். பல ரிப்போர்ட்டுகளில் அச்சாகியிருக்கும் 4,000–11,000 என்பது பெரியவர்களுக்கான அளவு. இரண்டு வயதுக் குழந்தைக்கு ஏறத்தாழ 6,000 முதல் 17,000 வரை இயல்பே. ஊசியைக் கண்டு வீறிட்டு அழுதாலேகூடக் கவுண்ட் சற்று ஏறும்.

பாக்டீரியா தொற்றில் பெரும்பாலும் கவுண்ட் ஏறும். சில வைரஸ் காய்ச்சல்களிலும் ஏறுவதுண்டு. டெங்குவில் நேர்மாறாக, வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் இறங்கும். அதனால் கவுண்ட் ஏறாததை வைத்து நிம்மதி அடையவும் முடியாது.

இப்போது செய்ய வேண்டியவை

• காய்ச்சல் தொடங்கிய நாள், தெர்மாமீட்டர் காட்டிய அளவு, மருந்து கொடுத்த நேரம், சிறுநீர் கழித்த நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வையுங்கள். ரிப்போர்ட்டோடு அந்தத் தாளும் மருத்துவரிடம் போகட்டும்.
• பாராசிட்டமால் அளவு எடையைப் பொறுத்தது: கிலோவுக்கு 10–15 மி.கி. வீதம் ஒரு வேளைக்கு. மறுவேளைக்குக் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சிரப்பில் 5 மி.லி.க்கு 125, 250 மி.கி. என இரு வகை உண்டு. டிராப்ஸ் இன்னும் அடர்த்தியானது. பாட்டில் மாறினால் அளவும் மாறும். லேபிளைப் படித்த பிறகே ஊற்றுங்கள்.
• தாய்ப்பால், கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். என வயதுக்கு ஏற்றதை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.
• போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாட்டிக் வேண்டாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது. மருத்துவர் சொல்லாமல் இபுப்ரோஃபெனும் வேண்டாம்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

• மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே
• மூச்சு வாங்குதல், மூச்சிழுக்கையில் விலா ஒடுங்குதல்
• வலிப்பு, எழுப்பினாலும் எழாத சோர்வு
• ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை
• ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ரத்தக் கசிவு, கைகால் சில்லிடுதல்

டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் கண்டம். உடம்பு ஆறிவிட்டதே என்று கண் அயராதீர்கள். அடுத்த இரண்டு நாளும் பிள்ளை பக்கத்திலேயே இருங்கள். அவசரமென்றால் 108.