ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல இருக்கிறது உங்க பேரா, உங்க அப்பா பேரா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைப் பேப்பராக்கி ஜர்னலுக்கு அனுப்பலாம்னு உங்க கைடு சொல்லியிருக்காங்கன்னு வெச்சுக்குவோம். அப்ஸ்ட்ராக்ட், கிராஃப், ரிசல்ட் எல்லாம் முடிஞ்சிருக்கும். ரெஃபரன்ஸ் மட்டும் கடைசி ராத்திரிக்குன்னு தள்ளி வெச்சிருப்போம். "அது வெறும் ஃபார்மேட்டிங்தானே மச்சி" என்பதுதான் ஹாஸ்டல் பூரா ஒரே பதில்.

வெறும் ஃபார்மேட்டிங் இல்லை. நீங்க யாருடைய உழைப்பு மேல நின்னு பேசுறீங்கன்னு சொல்ற இடம் அது. அதைவிட முக்கியம், உங்க பேப்பரைப் படிக்கிறவர் அந்த மூலத்தை நேராகப் போய் எடுக்க முடியணும். கமா எங்கே, வால்யூம் எங்கே, பக்க எண் எங்கே என்கிற விதி எல்லாமே இதுக்காகத்தான். இதைப் புரிஞ்சுகிட்டா மனப்பாடம் செய்ய வேண்டியது பாதியாகக் குறைஞ்சிடும்.

முதல்ல ஜர்னலோட 'கைடு ஃபார் ஆதர்ஸ்' பக்கத்தைத் திறங்க. ஈசிஇ, ஈஈஇ, சிஎஸ்இ மக்களுக்குப் பெரும்பாலும் ஐஈஈஈ ஸ்டைல்தான் வரும். சிவில் மக்கள் ஏஎஸ்சிஇ ஜர்னலுக்குப் போனா எண் கிடையாது, ஆசிரியர் பேரும் வருஷமும் போடணும். இங்கே நான் ஐஈஈஈ பத்தி மட்டும் பேசுறேன்.

ஐஈஈஈ-ல பேப்பருக்குள்ள முதல்ல வர்ற மூலத்துக்கு [1], அடுத்ததுக்கு [2]. அகர வரிசை கிடையாது. அதே மூலம் பத்துப் பக்கம் கழிச்சு மறுபடி வந்தாலும் அதே எண்தான், புது எண் போடக் கூடாது. எண் வாக்கியத்துக்குள்ளேயே, முற்றுப்புள்ளிக்கு முன்னாடி வரும். இதையெல்லாம் கையால டைப் பண்ணினா, "இன்ட்ரோல இன்னொரு பேப்பர் சேருப்பா" என்று கைடு சொல்ற நிமிஷம் நாற்பது எண்ணையும் மாத்தணும். அதனாலதான் வேர்டுக்கு ஸொட்டேரோ, லேடெக்ஸுக்கு பிப்டெக்ஸ். ரெண்டுமே இலவசம்.

இப்போ ஒரு நிஜ ரெஃபரன்ஸைப் பிரிச்சுப் பார்ப்போம். கம்யூனிகேஷன் படிச்ச எல்லாருக்கும் தெரிஞ்ச ஷேனன் பேப்பர்.

சி. இ. ஷேனன், "எ மேத்தமேட்டிக்கல் தியரி ஆஃப் கம்யூனிகேஷன்," பெல் சிஸ்ட். டெக். ஜே., வால்யூம் 27, எண் 3, பக். 379–423, ஜூலை 1948.

இனிஷியல் முன்னாடி, குடும்பப் பேர் பின்னாடி. கட்டுரைத் தலைப்பு மேற்கோள் குறிக்குள்ள, அதை முடிக்கிற கமாவும் குறிக்கு உள்ளேயே. ஜர்னல் பேர் சுருக்கி, சாய்வெழுத்துல. பிறகு வால்யூம், இஷ்யூ, பக்கம், மாசம், வருஷம். ஆங்கிலத்துல எழுதும்போது தலைப்போட முதல் எழுத்து மட்டும்தான் பெரிய எழுத்து, ஜர்னல் பேருக்கு அப்படி இல்லை.

ஃபார்மேட் சரி. ஆனா இதுல ஒரு பொறி இருக்கு. அந்தப் பேப்பர் ரெண்டு துண்டாக வந்தது. ஜூலை 1948-ல 379–423, அக்டோபர் 1948-ல 623–656. என்ட்ரோபி பத்திப் பேசினா ஜூலை போதும். ஆனா பேண்ட்விட்த்தும் சிக்னல்-டு-நாய்ஸ் ரேஷியோவும் வர்ற அந்தப் பிரபலமான கெப்பாசிட்டி ஃபார்முலா அக்டோபர் துண்டுலதான் இருக்கு. அந்த ஃபார்முலாவை எழுதிட்டு 379–423 மட்டும் போட்டா, தேடிப் போறவர் அந்தப் பக்கங்களைப் புரட்டிப் புரட்டி வெறுங்கையோட திரும்புவார். இன்னொண்ணு, 1949-ல இது வீவரோட சேர்ந்து புத்தகமாக வந்தப்போ, தலைப்புல இருந்த 'எ' போய் 'தி' வந்துடுச்சு. 'தி' போட்டு, 1949 போட்டு, பெல் ஜர்னல் பேரையும் போட்டா அது உலகத்துல இல்லாத ஒரு பொருள். பேப்பரைத் திறந்து பார்க்காம வேற யாரோட லிஸ்ட்லயோ இருந்து காப்பி அடிச்சா இப்படித்தான் ஆகும்.

கூகுள் ஸ்காலர்ல 'சைட்' அமுக்கி அப்படியே ஒட்டுற பழக்கத்துக்கும் இதே கதைதான். ரெஸ்நெட் பேப்பர் டிசம்பர் 2015-ல ஆர்க்கைவ்ல வந்தது, 2016-ல சிவிபிஆர் மாநாட்டுல 770–778 பக்கங்கள்ல வெளியானது. வெளியான பதிப்பு இருக்கும்போது அதைத்தான் போடணும். எது உங்க லிஸ்ட்ல விழுந்திருக்குன்னு ஒவ்வொண்ணா பாருங்க, போர் அடிச்சாலும் பரவாயில்லை.

பிப்டெக்ஸ்ல ரெண்டு விஷயம் மட்டும் சொல்லிடுறேன். ஆசிரியர்களுக்கு நடுவுல கமா போடாதீங்க, 'அண்ட்' போடுங்க. கமா போட்டா ரெண்டு பேர் ஒட்டி ஒரே ஆளாகிடுவாங்க. தலைப்புல ஐஓடி, சிஎன்என் மாதிரி சொல் இருந்தா நெளிவு அடைப்புக்குள்ள வைங்க, இல்லேன்னா எல்லாம் சின்ன எழுத்தாகிடும். ஆறு ஆசிரியர் வரைக்கும் எல்லார் பேரும் வரணும். ஆறைத் தாண்டினா முதல் ஆளைப் போட்டு 'எட் ஆல்.' போதும்.

அப்புறம் சாட்ஜிபிடி. "இந்த டாப்பிக்குக்குப் பத்து ரெஃபரன்ஸ் குடு"ன்னு கேட்டா அழகா ஃபார்மேட் பண்ணி, கமா கூடப் பிசகாம, இல்லாத பேப்பரைக் குடுத்துடும். 2023-ல நியூயார்க்ல ரெண்டு வக்கீல்கள் அது குடுத்த இல்லாத வழக்குகளைக் கோர்ட்டுல மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் வாங்கினாங்க. ஒவ்வொரு டிஓஐ-யையும் டிஓஐ டாட் ஆர்க் தளத்துல போட்டுப் பாருங்க. பக்கம் திறந்தா மட்டும் போதாது, திறக்கிறது அதே தலைப்புதானான்னு பாருங்க. நிஜமான டிஓஐ மேல பொய்யான தலைப்பு உட்கார்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

இப்போ தலைப்புக்கு வர்றேன். இந்த ஸ்டைல் எல்லாம் 'கடைசிப் பேர் குடும்பப் பேர்'னு நம்புது. நமக்கு ஏது குடும்பப் பேர்? முருகேசன் மகன் கார்த்திக், ஊர்ல எம். கார்த்திக். இது தற்செயலாகவே ஐஈஈஈ ஸ்டைலுக்கு அச்சாகப் பொருந்துது. ஆனா பாஸ்போர்ட்ல 'கார்த்திக் முருகேசன்'னு விரிச்சு எழுதி, அதையே பேப்பர்லயும் போட்டா, உங்களை சைட் பண்றவங்க எல்லாரும் 'கே. முருகேசன்'னு எழுதுவாங்க. நாலு வருஷம் லேப்ல கிடந்தது நீங்க, பேர் அப்பாவுக்கு. அப்பா சந்தோஷப்படலாம். ஆனா அடுத்த பேப்பர்ல 'எம். கார்த்திக்'னு போட்டா, தேடுற மெஷினுக்கு நீங்க ரெண்டு ஆள், சைட்டேஷனும் ரெண்டாகப் பிரியும். கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியல் மாத்துற தோழிகளுக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம்.

ராமானுஜனுக்கு ஸ்ரீனிவாசன் அப்பா பேர். சந்திரசேகருக்கு சுப்ரமணியன் அப்பா பேர். ரெண்டு பேரும் அப்பா பேரை முன்னாடி வெச்சாங்க, அதனால எஸ். ராமானுஜன், எஸ். சந்திரசேகர்னு சொந்தப் பேர் கடைசியில நின்னுச்சு. நட்சத்திரங்களுக்கு இருக்கிற அந்த எல்லைக்கு 'சுப்ரமணியன் லிமிட்'னு பேர் வராததுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நம்புறேன்.

அதனால சப்மிஷன் ஃபார்ம்ல 'லாஸ்ட் நேம்' கட்டத்துல உங்க சொந்தப் பேரையும், 'ஃபர்ஸ்ட் நேம்' கட்டத்துல இனிஷியலையோ அதோட விரிவையோ போடுங்க. கோ-ஆதர் நண்பர்கள்கிட்டயும் அவங்க பேர் எப்படி வரணும்னு கேட்டுட்டுப் போடுங்க, நீங்களா யூகிக்காதீங்க. கூடவே ஆர்க்கிட் ஐடி ஒண்ணு எடுத்துடுங்க. 16 இலக்கம், காசு கிடையாது, அஞ்சு நிமிஷ வேலை. இனிஷியல் மாறினாலும் காலேஜ் மாறினாலும் அந்த எண் மாறாது. முதல் பேப்பரை அப்லோட் பண்றதுக்கு முன்னாடியே எடுத்து, அதையும் அந்த ஃபார்ம்லயே சேர்த்துடுங்க.